வாசகர் கேள்வி பதில்: கரண்டு பில்லும் இலவசச் சோதனையும்

ஈசூன் வாசகி: வணக்கம் அக்கா. நாலறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார். மின்சாரத்துக்கு மட்டும் மாதம் 150 வெள்ளி போகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு ஆள் வந்து, எங்கெங்கே வீணாகிறது என்று ஒரு காசு வாங்காமல் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்களாம். இங்கே சிங்கப்பூரில் அதற்கு யாரைக் கூப்பிடுவது? மாமியார் வாரம் இரண்டு தடவை மாவு ஆட்டுவதுதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொல்லப்போய், அதில் வேறு சண்டை.

சண்டையை முதலில் தீர்த்துவிடுவோம். மேசைமேல் வைக்கும் கிரைண்டர் 150, 200 வாட்தான் இழுக்கும். அரைமணி நேரம் ஓடினால் 0.1 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள் (கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், நம் கணக்குக்கு 30 போதும்), ஒரு ஆட்டுக்கு 3 காசு. வாரம் இரண்டு தடவை என்று மாதம் முழுக்க ஆட்டினாலும் கால் வெள்ளிக்குமேல் சொற்பம்தான். உங்கள் மாமியார் நிம்மதியாக ஆட்டட்டும், வீட்டுக்காரரை இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். மாசசூசெட்ஸில் இருப்பதுபோல, யார் கேட்டாலும் போன் போட்டு ஆளை வரவழைக்கிற ஏற்பாடு இங்கே இல்லை. அதில் பெரிய நஷ்டமும் இல்லை. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கிய காற்று சன்னல் இடுக்கு, கூரை, பழைய மரச்சுவர் வழியாக வெளியே ஓடிவிடும், அது எங்கே ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, அதனால் கருவியோடு ஆள் வரவேண்டியிருக்கிறது. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு கான்கிரீட் பெட்டி. மேலேயும் கீழேயும் பக்கத்திலும் வீடு. இங்கே காசு போவது சுவர் வழியாக அல்ல, நாலைந்து சாமான்கள் வழியாக. தேசியச் சுற்றுப்புற வாரியம் 2017இல் எடுத்த ஆய்விலேயே ஏர்கான் சுமார் 24 விழுக்காடு, ஃபிரிட்ஜ் 17, வாட்டர் ஹீட்டர் 11 என்று வந்தது. மூன்றையும் கூட்டினால் பாதிக்குமேல். ஆக, சோதிக்க வேண்டியவை எவை என்பது வீட்டுக்குள் யாரும் நுழையாமலே தெரிந்துவிட்டது.

எப்படிச் சோதிப்பது? மின்சார பில் அனுப்புகிற எஸ்பி குழுமத்தின் செயலியைத் திறங்கள். உங்கள் வீட்டில் புதுவகை மீட்டர் மாட்டியிருந்தால் அரைமணிக்கு அரைமணி எத்தனை யூனிட் ஓடியது என்று அதில் காட்டும். ஒரே ஒரு ராத்திரி ஏர்கான் போடாமல் மின்விசிறியோடு படுத்துவிட்டு, மறுநாள் அந்தப் படத்தில் அதிகாலை 3 மணியைப் பாருங்கள். எல்லாரும் தூங்கும் நேரம், ஃபிரிட்ஜும் விசிறிகளும் வைஃபை பெட்டியும் மட்டும்தான் ஓடவேண்டும். அரைமணிக்கு 0.1 யூனிட் பக்கம் இருந்தால் சரி. 0.2, 0.25 என்று நின்றால் ஏதோ ஒன்று யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அரைமணிக்கு 0.05 யூனிட் கூடுதல் என்றால் 100 வாட், நாள் முழுக்க 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட், 21 வெள்ளிக்குமேல். பார்க்க எவ்வளவு சின்ன எண், பார்த்தீர்களா.

அந்த 'ஏதோ ஒன்று' நான் கேள்விப்படுகிற வீடுகளில் பெரும்பாலும் குளியலறைக் கதவுக்கு வெளியே இருக்கிற ஹீட்டர் சுவிட்சுதான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அது எரிவதே கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும். தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் டாங்க் வகை என்றால், யாரும் குளிக்காவிட்டாலும் ஆறிய சூட்டை மறுபடி ஏற்றிக்கொண்டே இருக்கும். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்தால் போதும். உடனடியாகச் சூடாக்கும் சின்ன வகை என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது ஓடும்போது 3,000 வாட் இழுக்கும். பத்து நிமிடக் குளியல் அரை யூனிட், 15 காசு. ஐந்து பேர், இரண்டு வேளை, மாதத்துக்கு 45 வெள்ளி. உங்கள் 150இல் 45! நம் ஊர்க் குழாயில் வருவது பனிக்கட்டித் தண்ணீர் இல்லையே, பிள்ளைகள் அந்தக் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டு அப்புறம் சூடு தாங்காமல் பச்சைத் தண்ணீரைக் கலந்து குளிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுப்பாருங்கள்.

அடுத்தது ஏர்கான். ஒரு படுக்கையறை இன்வர்ட்டர் ஏர்கான் மணிக்கு அரை யூனிட் எடுக்கிறது என்று வைத்தால், எட்டு மணி நேரத்துக்கு 4 யூனிட், மாதம் 36 வெள்ளி. இரண்டு அறை என்றால் இரட்டிப்பு. 25 டிகிரியில் வைத்து, கூடவே விசிறியையும் போட்டுக்கொண்டு, விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தானாக அணையும்படி வைத்தால் யாருக்கும் தூக்கம் கெடாது. முன்பக்க மூடியைத் தூக்கினால் இருக்கும் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள், காற்று அடைபட்டால் மிஷின் வீணாக மூச்சுவாங்கும். சர்வீசுக்கு வருபவர் ஒவ்வொரு தடவையும் "கேஸ் குறைந்துவிட்டது, ஏற்றணும்" என்றால், எங்கே கசிகிறது என்று கேளுங்கள். அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவருகிற வாயு. கசிவு இல்லாமல் தானாகக் குறையாது.

ஃபிரிட்ஜுக்கு ஒரு தாள் போதும். கதவு இடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. சிலர் 2 வெள்ளி நோட்டை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள், நம் நோட்டு பிளாஸ்டிக், நல்ல ரப்பராக இருந்தாலும் அது வழுக்கும், சாதாரணக் காகிதமே சரி.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: வணக்கம்மா. ஓய்வுபெற்றவன், பகலில் வீட்டில் தனியாக இருப்பேன். கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பையன்கள் வந்து, இலவசமாக வீட்டு மின்சாரத்தைச் சோதிக்கிறோம் என்றார்கள். ஒரு கருவியை வயரில் கவ்வவைத்து எண்ணைக் காட்டினார்கள். பிறகு சின்னப் பெட்டி ஒன்றைப் பிளக்கில் சொருகியதும் எண் கண்முன்னாலேயே இறங்கியது. பெட்டியை வாங்கினால் பில் மூன்றில் ஒரு பங்கு குறையுமாம். வாங்கலாமா?

வாங்காதீர்கள் ஐயா. எண் இறங்கியது பொய்யில்லை, அதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். அந்தப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர். விசிறி, பம்பு மாதிரி மோட்டார் உள்ள சாமான் ஓடும்போது வயரில் போகும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி வேலை எதுவும் செய்யாமல் போவதும் வருவதுமாக இருக்கும். கெப்பாசிட்டர் அந்தப் பகுதியைக் குறைக்கும். கவ்வுகிற கருவி மொத்த ஆம்பியரை அளப்பதால் எண் இறங்குகிறது. ஆனால் வீட்டு மீட்டர் அளப்பது ஆம்பியரை அல்ல, உண்மையாகச் செலவான யூனிட்டை. அந்தப் போகிற வருகிற பகுதிக்கு வீட்டுக்காரர்களிடம் காசு வாங்குவதே இல்லை. வாங்காத காசில் எப்படி மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க முடியும்?

முன்பு தண்ணீர் வடிகட்டி விற்பவர்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுக் கரண்டு பாய்ச்சிப் பழுப்பாக்கிக் காட்டுவார்களே, கிட்டத்தட்ட அதே வித்தை. அங்கே பழுப்பானது கம்பியின் இரும்பு, தண்ணீரின் அழுக்கு இல்லை. தண்ணீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகமே அதைப் பற்றி மக்களை எச்சரித்திருக்கிறது.

யாராவது இலவசச் சோதனை என்று கதவைத் தட்டினால் கம்பிக் கதவைத் திறக்காமலே பேசுங்கள். பில்லைக் காட்டு, அடையாள அட்டையைக் காட்டு, சிங்பாஸில் (அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளக் கணக்கு) நுழை என்று கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். பில்லைப் பார்த்தால் உங்கள் கணக்கு எண் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவிக்கு 1799 எண்ணைக் கூப்பிடலாம். தனியாக இருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன், "என் மகன் வந்ததும் வாருங்கள்" என்ற ஒரு வரி நன்றாக வேலை செய்யும்.

பீஷான் வாசகர்: முதல் கடிதம் எழுதியவரைப் போல எங்களுக்கும் மாசசூசெட்ஸில் ஆள் உண்டு. மகன் பாஸ்டன் பக்கம் பழைய மரவீட்டில் வாடகைக்கு இருக்கிறான். இலவசச் சோதனைக்குக் கூப்பிடலாமா என்று கேட்கிறான். எனக்கென்னவோ இலவசம் என்றாலே பயம்.

பயப்பட வேண்டாம், கூப்பிடச் சொல்லுங்கள். அதன் பெயர் 'மாஸ் சேவ்'. அந்த மாநிலத்து மின்சார, எரிவாயு நிறுவனங்கள் 2008இல் வந்த மாநிலச் சட்டத்தின்கீழ் சேர்ந்து நடத்துகிற திட்டம். இலவசம் என்பதும் முழு உண்மையில்லை, எல்லாருடைய பில்லிலும் இதற்கென்று ஒரு சின்னத் தொகையைச் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். உங்கள் மகனும் மாதாமாதம் கட்டிக்கொண்டுதான் இருப்பான். கட்டியதற்குப் பலனை வாங்காமல் விடுவானேன்?

வருபவர் அடித்தளம், கூரைக்கடியில் உள்ள பரண், பாய்லர், சன்னல் எல்லாம் பார்ப்பார். தேவைப்பட்டால் வாசற்கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுப்பார்கள், அப்போது இடுக்குகள் வழியாக வெளிக்காற்று உள்ளே சீறிக்கொண்டு வரும், கையை வைத்தாலே தெரியும். பரணில் வெப்பத்தடுப்புப் பஞ்சு போட வேண்டுமென்றால் அந்தச் செலவின் பெரும்பகுதியைத் திட்டமே ஏற்கும். ஆனால் வாடகைக்காரன் என்பதால் அந்த வேலைகளுக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும், முதலிலேயே அவருக்குச் சொல்லிவிட்டால் நல்லது. இன்னொன்று, சில ஊர்களில் நகராட்சியே மின்சாரம் கொடுக்கிறது, அங்கே இந்தத் திட்டம் அப்படியே செல்லாது. மகனின் பில் யார் பெயரில் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சோதிக்க வருபவரே வேலையையும் எடுத்துச் செய்கிற நிறுவனத்து ஆளாக இருக்கலாம். அறிக்கையை வாங்கிக்கொண்டு அன்றைக்கே கையெழுத்துப் போடாமல் இருப்பது அவன் சாமர்த்தியம்.

தோ பாயோ வாசகி: போன மாதம் பியூபி பில் (கரண்டு, தண்ணீர் எல்லாம் சேர்ந்தது) 90 வெள்ளி, இந்த மாதம் 170. வீட்டில் எதுவுமே மாறவில்லை. மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டரைத் திட்டுவதற்கு முன்னால் போன மாதப் பில்லை எடுத்துப் பாருங்கள். பழைய மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஆள் வந்து எண் எடுப்பார், நடுவில் வருகிற பில் உத்தேசக் கணக்கு. அது குறைவாகப் போட்டிருந்தால் மிச்சமெல்லாம் அடுத்த பில்லில் சேர்ந்து வரும். எண்ணை நீங்களே பார்த்து அனுப்பினால் இந்த ஏற்ற இறக்கம் இருக்காது. அப்புறம் அந்த 170இல் தண்ணீர், எரிவாயு, குப்பைக் கட்டணம் எல்லாம் சேர்ந்திருக்கும், அரசாங்கம் பில்லில் தரும் யூ-சேவ் கழிவு வருகிற மாதத்தில் தொகை குறைந்தும் தெரியும். வெள்ளியைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். உங்கள் மாதிரி வீடுகளின் சராசரியையும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: மின்சாரம், தண்ணீரை மிச்சப்படுத்தும் சாமான் வாங்க அரசாங்கம் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டை இன்னும் எடுக்கவில்லை. பழைய ஃபிரிட்ஜை மாற்றலாமா, இல்லை விளக்குகளுக்குச் செலவழிக்கலாமா?

வீவக வீட்டுக்கு 2024இல் 300 வெள்ளி, 2025இல் இன்னொரு 100, ஆக மொத்தம் 400. 2027 டிசம்பர் 31 வரை செல்லும். வீட்டுக்கு ஒருமுறைதான், யாராவது ஒருவர் சிங்பாஸில் எடுத்தால் போதும். பழைய ஃபிரிட்ஜ் பதினைந்து வருடத்தைத் தாண்டியிருந்தால் அதற்கே முதலிடம் கொடுப்பேன், பெரிய சாமான்களில் அது ஒன்றுதான் வீட்டில் இரவும் பகலும் நிற்காமல் ஓடுகிறது. மிச்சத்தில் குண்டு விளக்கோ பழைய குழல் விளக்கோ இருந்தால் எல்இடி வாங்குங்கள்.

கடையில் சாமான்மேல் ஒட்டியிருக்கும் மின்சிக்கன ஒட்டுச்சீட்டில் டிக் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள் (டிக் கூடக் கூடச் சிக்கனம் அதிகம் என்று அர்த்தம்). நாலு டிக் போட்ட பெரிய ஃபிரிட்ஜ், மூன்று டிக் போட்ட சின்ன ஃபிரிட்ஜைவிட அதிகம் இழுக்கலாம். அதே ஒட்டுச்சீட்டில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 30 காசால் பெருக்கினால் வருடத்துக்கு எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும். எந்தச் சாமானுக்கு எத்தனை டிக் இருந்தால் பற்றுச்சீட்டு செல்லும் என்பதையும் காசு கட்டுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையதைப் பானம் வைக்க என்று பின்கட்டில் சொருகிவைத்தால் இத்தனை கணக்கும் வீண். 2021 ஜூலை முதல், புது ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து இறக்கும்போது பழைய ஒன்றைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துப்போக வேண்டும் என்பது சட்டம். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லாரியில் இடமில்லை என்பார்கள்.