கேப்டன் கிட் பிடிச்ச கப்பல் கொள்ளையா, சட்டப்படி சரியா?

கேள்வி கேட்டவர் "அனுமதி பத்திரம் வச்சிருந்தவர எப்படி கடற்கொள்ளைக்காரன்னு தூக்குல போட்டாங்க"ன்னு கேட்டிருக்கார். அந்த கேப்டன் வில்லியம் கிட்டுக்கு பிரெஞ்சு கப்பல்கள பிடிக்க இங்கிலாந்து ராஜாவோட அனுமதி இருந்துச்சு, அது உண்மைதான். 1698 ஜனவரில மலபார் கரைப்பக்கம் குவேதா மெர்ச்சன்ட்ங்கிற கப்பல பிடிக்கிறார், சரக்கு ஆர்மீனிய வியாபாரிகளோடது, கேப்டன் ஆங்கிலேயர், ஆனா கிட் பிரெஞ்சு கொடி ஏத்தி ஏமாத்துனதுல அந்தக் கப்பல்காரங்க காட்டுனது பிரெஞ்சு பாஸ் (இந்தக் கப்பல் எங்க பாதுகாப்புல இருக்குன்னு ஒரு நாடு குடுக்கிற சீட்டு). அப்போ இந்தியப் பெருங்கடல்ல பல நாட்டு பாஸ் வச்சுக்கிறது சகஜம், பாதுகாப்புக்கு. அந்த பாஸ நம்பித்தான் கிட் "இது பிரெஞ்சு கப்பல், எனக்கு உரிமை"ன்னார்.

இதுல முக்கியமான விஷயம், பிடிச்ச கப்பல அட்மிரால்டி கோர்ட்டு (கடல் வழக்குகள விசாரிக்கிற கோர்ட்டு) முன்னாடி கொண்டுபோய் தீர்ப்பு வாங்கணும், அப்புறம்தான் அது உங்க சொத்து. கிட் கரையிலயே சரக்க வித்துட்டார், அது பெரிய தப்பு.

ஆனா 1701 மே மாசம் லண்டன்ல விசாரணை நடந்தப்போ அந்த பாஸ் எதுவுமே கோர்ட்டுக்கு வரல. அத கிட் நியூயார்க் ஆளுநர் பெல்லமான்ட்கிட்ட ஒப்படைச்சிருந்தார், அங்கிருந்து லண்டனுக்கும் போயிருச்சு. தன் கப்பல் ஆள் ஒருத்தர கொன்ன குற்றமும் சேர்ந்து மே 23 தூக்கு. அந்த பாஸ்கள் 20ஆம் நூற்றாண்டுலதான் அரசு ஆவணக்காப்பகத்துல கிடைச்சுச்சு. பாஸ் இருந்திருந்தாலும் விடுதலை ஆயிருப்பார்னு சொல்லமாட்டேன், ஆனா அத காட்டவே விடாதது எனக்கு இன்னும் அநியாயமாத்தான் படுது.