பரங்கிக்காயும் பறங்கிப்பேட்டையும்

கேள்வி: கடலூர் முதுநகரில் பிறந்த நான், மஞ்சள் காயைப் பரங்கிக்காய் என்றும் சாம்பல் பூத்த காயைப் பூசணிக்காய் என்றும் சொல்லிப் பழகியவள். திருநெல்வேலிக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு, பூசணிக்காய் வாங்கிவரச் சொன்னால் பரங்கிக்காய்தான் வருகிறது. எது சரி? (ஒரு வாசகி)

பதில்: இரண்டும் சரியே, சகோதரி. நெல்லைச் சீமையில் மஞ்சள் காய் பூசணி, சாம்பல் காய் தடியங்காய். கொங்குப் பகுதியிலோ மஞ்சள் காய்க்கு அரசாணிக்காய் என்று பெயர். ஆனாலும் உங்கள் பிறந்த ஊர்ப் பெயரை விட்டுவிடாதீர்கள் என்பேன். ஐரோப்பியரைப் பறங்கியர் என்று அழைத்த நம் முன்னோர், அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்கள் வழியாக வந்து சேர்ந்த காயைப் பரங்கிக்காய் என்றனர். போர்ச்சுக்கீசியர் குடியேறிய வெள்ளாற்று முகத்துவாரத்து ஊர், கடலூருக்குத் தெற்கே இன்றும் பறங்கிப்பேட்டையாகவே இருக்கிறது. எழுத்தில் ரகரமும் றகரமுமாக மாறி நின்றாலும் சொல் ஒன்றே. மார்கழி விடியலில் நம் பெண்கள் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகி வைக்கும் மஞ்சள் பூவும் பெரும்பாலும் இந்தக் கொடியில் பறித்ததுதான். கடல் கடந்து வந்த கொடி நம் வாசல் வரை உரிமை பெற்றுவிட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

கேள்வி: மிளகாய்க்கும் மிளகுக்கும் என்ன உறவு? (வாசகர், புதுச்சேரி)

பதில்: செடி வகையில் உறவில்லை, சுவையால் வந்த உறவு. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் ஆயிற்று. 1492-இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்ததற்குப் பின்னரே அது உலகெங்கும் பரவியது. அதற்கு முன் நம் அடுப்படியில் உறைப்பு என்றால் முதன்மையாக மிளகுதான். அதற்குக் கறி என்றும் பெயர் உண்டு. சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வந்த யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கலங்களை அகநானூற்றின் 149-ஆம் பாடல், ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறது. திவசச் சமையலில் மிளகாயை விலக்கி மிளகையே அரைத்துச் சேர்க்கும் வீடுகளில் அந்தப் பழைய சுவை இன்னும் இருக்கிறது.

கேள்வி: பெருங்காயம் எந்தச் செடியின் காய்? (வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: காயே இல்லை. காயம் என்றால் காரமும் மணமும் உள்ள சரக்கு. வெங்காயத்தில் இருப்பதும் அதே காயம். ஈரான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில் வளரும் ஒரு செடியின் வேரைக் கீறி, வடியும் பாலை உறையவைத்து எடுக்கும் பிசினே பெருங்காயம். கடையில் விற்கும் தூளில் மாவும் கலந்திருப்பதால், கட்டிப் பெருங்காயம் போடும் அளவைவிடத் தூளைச் சற்றுக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.