கரம் ஆடிய கைக்கு எந்த மேசை?

"கிளிநொச்சியிலிருந்து லண்டன் வந்து மூன்று மாதம். வேலை முடிந்ததும் கூட வேலை செய்பவர்கள் பப்புக்குக் கூட்டிப்போய் கோலும் பந்தும் வைத்து மேசையில் விளையாடுகிறார்கள். இதில் பல வகை இருக்கிறதாமே, எதைப் பழகுவது?" என்று கேட்டிருந்தீர், தம்பி. நான் புதுக்குடியிருப்பு. இங்கு வந்து இருபத்திரண்டு வருடம். (அந்த விளையாட்டின் pool என்ற ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினால் வேறு சொல்லாகிவிடும், பெரியவர்களும் வாசிப்பார்கள். ஆகவே எட்டுப்பந்து, ஒன்பதுபந்து என்றே எழுதுகிறேன்.)

பப்பில் இருக்கும் சிறிய மேசையிலேயே தொடங்கும். இதுதான் இங்கத்தைய எட்டுப்பந்து: 7 அடி மேசை, 2 அங்குலப் பந்து. ஒருவருக்குச் சிவப்பு ஏழு, மற்றவருக்கு மஞ்சள் ஏழு. தன்னுடையதைக் குழிகளில் போட்டு முடித்துவிட்டுக் கறுப்பைப் போட்டவர் வென்றார். உம்மோடு ஆட ஆட்கள் இருப்பது அங்கேதான், அது பெரிய விஷயம்.

வன்னிப் பிள்ளை கரம் (கேரம் போர்ட்) ஆடாமல் வளர்ந்திருக்க மாட்டீர். எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரே ஒரு போர்ட். பவுடர் கிடைக்காத காலத்தில் முகத்துக்குப் பூசுகிறதைத் தூவி ஆடினோம். அந்தக் கண் இங்கே அப்படியே உதவும். பந்தை எந்தப் பக்கம் தட்டினால் எந்தக் குழிக்குப் போகும் என்று உமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வில்லங்கமும் அதில்தான். கரத்தில் காய் விழுந்தால் ஸ்ரைக்கரை எடுத்து, நம் கோட்டில் வசதியான இடத்தில் வைத்து அடுத்ததை அடிக்கலாம். இங்கே கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. நான் முதல் ஆறு மாதம் குழியை மட்டுமே பார்த்தேன். பந்து விழும், வெள்ளை போய்க் கரையோடு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் எனக்குக் கறுப்பு மட்டும்தான் மிச்சம், அதுவும் குழிவாசலில். ஓங்கி அடித்தேன். கறுப்பு விழுந்தது, கையைத் தூக்கிவிட்டேன், பின்னாலேயே வெள்ளையும் விழுந்தது. அப்படி விழுந்தால் ஆட்டம் எதிராளிக்கு. கரத்தில் ஸ்ரைக்கர் விழுந்தால் ஒரு காயைத் திருப்பி வைத்துத் தப்பிக்கலாம், இங்கே அந்தத் தயவு இல்லை.

ஆகவே மெல்ல அடிக்கப் பழகும். பந்து நேராகவும் கிட்டவும் இருக்கும்போது, வெள்ளையின் மேற்பக்கம் அடித்தால் அது பின்தொடர்ந்து போகும், கீழ்ப்பக்கம் அடித்தால் திரும்பி வரும். தூரம் குறைந்த சிறிய மேசையில் இதைப் பிடிப்பது சுலபம்.

கனடாவில் இருந்து கேட்டிருந்தால் அமெரிக்க எட்டுப்பந்தைச் சொல்லியிருப்பேன். 9 அடி மேசை, இரண்டேகால் அங்குலப் பந்து, 1 முதல் 15 வரை இலக்கம், பாதி முழு நிறம், பாதி கோடு போட்டது. குழிவாய் அகலம். எதிராளி பிழைவிட்டால் வெள்ளையைக் கையில் எடுத்து எங்கேயும் வைக்கலாம், கரக்காரனுக்கு அது தேன். ஒன்பதுபந்து அதே மேசையில்தான், ஆனால் மேசையில் உள்ள மிகச் சிறிய இலக்கத்தைத்தான் வெள்ளை முதலில் தொட வேண்டும். வெள்ளையை அடக்கத் தெரியாதவனுக்கு அது தண்டனை. பிறகு பாரும்.

ஸ்னூக்கர் இப்போது வேண்டாம். 12 அடி மேசை, 22 பந்து, இறுக்கமான குழி. புதியவர் ஒரு பந்து போடுவதற்குள் தேநீர் ஆறிவிடும். பார்க்க மட்டும் அருமை. அந்த அளவு மேசையில்தான் பில்லியர்ட்ஸும் ஆடுவார்கள். 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸில் வென்ற லாஃபிர் நம் நாட்டுக்காரர், அதையாவது அந்த வெள்ளைக்காரர்களிடம் சொல்லிவையும்.

அப்புறம், பப்பில் மேசை ஓரத்தில் காசை வைத்தால் அடுத்த ஆட்டம் உமக்கு என்று அர்த்தம். பல இடங்களில் வென்றவர் மேசையில் நிற்பார், காசு வைத்தவர் போய் மோதுவார். பிழைவிட்டால் எதிராளிக்கு இரண்டு அடியா என்பதை ஆட்டம் தொடங்க முன்னரே கேளும், அது இடத்துக்கு இடம் மாறும். குடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, நான் இன்றைக்கும் தோடம்பழச் சாறுதான். சொந்தக் கோல் வாங்க அவசரப்படாதேயும், சுவரில் நிற்பதில் வளையாததாக ஒன்றைப் பார்த்து எடுத்தால் போதும். வார நாளில் பின்னேரம் மூன்று மணிக்குப் போனால் மேசை சும்மா கிடக்கும், தனியாக அடித்துப் பார்க்கலாம்.