தலையிடிக்குக் கையில் மாட்டும் கிளிப்: போடலாமா?

கேள்வி: எனக்கு 42 வயது. கொக்குவிலில் இருக்கிறேன், பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். நாலைந்து வருஷமாகத் தலையிடி. வாரத்துக்கு மூன்று, நாலு நாள் வரும். பிடரியில் தொடங்கி நெற்றிக்கு ஏறும். இடைக்கிடை ஒரு பக்கம் மட்டும் விண்விண் என்று இடிக்கும். அன்றைக்கு வெளிச்சம் பிடிக்காது, வயிற்றையும் பிரட்டும். இரண்டு பனடோல் போட்டுச் சமாளிக்கிறேன். கனடாவில் இருக்கும் தம்பி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் இரண்டு அனுப்பியிருக்கிறார். இது உண்மையில் வேலை செய்யுமா? எவ்வளவு நேரம் போட வேண்டும்? தங்கைக்கும் தலையிடி இருக்கிறது, இப்போது நாலு மாதக் கர்ப்பம். இரண்டாவது கிளிப்பை அவவுக்குக் கொடுக்கலாமா?

பதில்: தங்கையின் விஷயத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது காத்திருக்கக் கூடாது. கொடுக்க வேண்டாம். அந்தக் கிளிப் அழுத்தும் இடத்தைக் கர்ப்பிணிகளுக்குத் தொடுவதில்லை என்பது அக்குபங்சர் மரபில் நெடுங்காலமாக இருக்கும் விலக்கு. கருப்பையைச் சுருங்கத் தூண்டும் என்று அந்த மரபு சொல்கிறது. வெறும் அழுத்தத்தால் அப்படி நடக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆனாலும் அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு போடும் அளவுக்கு அதில் பெரிய பலனும் இல்லை. அவவின் தலையிடியை குடும்பநல உத்தியோகத்தரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள், பிரஷர் பார்க்க வேண்டும். 20 வாரம் தாண்டிய பிறகு கடுமையான தலையிடி வந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு நொந்தாலோ, முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, இனி உங்கள் கிளிப்.

அதற்குள் மருந்தும் இல்லை, பற்றறியும் இல்லை. வளைந்த பிளாஸ்டிக், உள்பக்கம் இரு முனையிலும் ஒவ்வொரு குமிழ், அவ்வளவுதான். நெற்றியில் ஒட்டி மெல்லிய மின்துடிப்பு அனுப்பும் செஃபாலி போன்ற கருவிகளோடு இதைச் சேர்த்து எண்ண வேண்டாம். செஃபாலிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் ஒற்றைத் தலையிடியைத் தடுக்கும் கருவி என்று அனுமதி கொடுத்தது. அது வேறு வகை, விலையும் வேறு. உங்கள் கிளிப் செய்வது மற்றக் கையின் பெருவிரல் செய்யக்கூடிய வேலையைத்தான். அதனால் இதை வாங்க யோசிக்கும் மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன்: முதலில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அதில் சுகம் கிடைத்தால் கிளிப்பிலும் கிடைக்கலாம்.

அந்த இடத்துக்குச் சீன வைத்தியத்தில் ஹெகு என்று பெயர், இணையும் பள்ளத்தாக்கு என்று பொருள். நமக்கும் இது அந்நியமான சங்கதி இல்லை. சித்த மருத்துவத்தின் 108 வர்மங்களில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உள்ளதைக் கவுளி வர்மம் என்பார்கள். கைதடி சித்த போதனா வைத்தியசாலைப் பக்கம் போகும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அங்குள்ள வைத்தியரிடம் கையைக் காட்டியே கேட்கலாம்.

இடத்தைப் பிடிப்பதில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். போன வருஷம் திருநெல்வேலியில் இருந்து தையல் வேலை செய்யும் ஓர் அம்மா கிளிப்பை மாட்டியபடியே என்னிடம் வந்தார். இரண்டு கிழமையாகப் போடுகிறேன், ஒரு பிரயோசனமும் இல்லை என்றார். பார்த்தால், விரல்களுக்கு இடையில் இருக்கும் மெல்லிய தோலை மட்டும் அது கவ்விக்கொண்டிருந்தது. கழற்றியபோது தோலில் இரண்டு சிவந்த வட்டம். ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி, சுட்டுவிரல் எலும்புப் பக்கமாகச் சாய்த்துப் போட்டுவிட்டேன். கொஞ்சம் பொறுத்து, "ஆ, இப்பதான் உளையுது" என்றார். அந்த உளைவுதான் அடையாளம். கூராகக் குத்தினாலோ, தோல் எரிந்தாலோ இடம் பிழை.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் ஒட்டி இறுக்கினால் இடையில் சதை ஒரு சின்ன மேடாக எழும்பும். மேட்டின் உச்சியைக் கண்ணால் குறித்துக்கொண்டு கையைத் தளர விடுங்கள். மற்றக் கையின் பெருவிரலை அங்கே வைத்து, சுட்டுவிரலுக்குப் போகும் எலும்பின் நடுப்பகுதியை நோக்கி அழுத்துங்கள். கனத்த, மந்தமான நோவு ஒன்று உள்ளே பரவும். அந்த இடத்தில் குமிழ் உட்காரும்படி கிளிப்பைப் போட்டு, பத்து, பதினைந்து நிமிஷம் வைத்திருங்கள். பிறகு மற்றக் கை. போட்டபடி நித்திரை கொள்ள வேண்டாம். அந்தச் சதைக்கு நடுவால்தான் மணிக்கட்டில் இருந்து உள்ளங்கைக்குப் போகும் இரத்தக்குழாய் போகிறது, தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் மேலாக ஓடுகிறது. விரல் விறைத்தாலோ வெளிறினாலோ உடனே கழற்றுங்கள். சலரோகத்தால் கையில் உணர்வு குறைந்தவர்கள், வார்ஃபரின் போல இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், சிறுநீரக நோய்க்காகக் கையில் இரத்தச் சுத்திகரிப்புக்கு வழி செய்தவர்கள், மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நடந்த பக்கத்துக் கை வீங்குபவர்கள், இவர்களுக்கு இது வேண்டாம்.

வேலை செய்யுமா என்று கேட்டீர்கள். கொஞ்சம். கையில் அழுத்தினால் தலையில் நோவு எப்படிக் குறையும் என்பதற்கு விளக்கம் உண்டு. முழங்கை கதவில் இடிபட்டால் உடனே தேய்த்துவிடுகிறோம், நோவு தணிகிறது. அழுத்தத்தின் செய்தி நோவின் செய்திக்கு முன்னால் நின்று வழியை மறிக்கிறது என்று மெல்சாக், வோல் என்ற இருவர் 1965இல் விளக்கினார்கள். அதைவிட, உடம்பின் ஒரு மூலையில் உளைவு உண்டானால் மூளைத்தண்டு மற்ற இடத்து நோவையும் சற்று அடக்கிவிடும் இயல்பும் இருக்கிறது. கிளிப்புக்கு இந்த இரண்டாவது விளக்கம்தான் கூடுதலாகப் பொருந்தும்.

ஆனால் சான்று என்று பார்த்தால் கவனமாகப் பேச வேண்டும். கிளிப்புகள் பற்றிய பெரிய ஆய்வு எதையும் காட்டி உங்களை நம்பச் சொல்ல என்னால் முடியாது. இதற்குக் கிட்டிய உறவு ஊசி குத்தும் அக்குபங்சர். ஒற்றைத் தலையிடிக்கு அதைப் பற்றிய 22 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2016இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது, கிட்டத்தட்ட 5,000 நோயாளிகள். உண்மையான ஊசி போட்ட நூறு பேரில் 50 பேருக்குத் தலையிடி நாட்கள் பாதியாகக் குறைந்தன. போலியாக ஊசி போட்ட நூறு பேரில் 41 பேருக்கும் அதே பலன். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சின்ன வித்தியாசம். யாரோ கவனித்துக் கைவைத்ததும், அந்த நேரம் அமைதியாகக் கிடந்ததும்தான் பெரும் பங்கு என்று நான் நினைக்கிறேன். அந்தப் பலனைக் குறைத்து மதிப்பதற்கில்லை, நோவு குறைந்தது குறைந்ததுதான். அதுவும் பயிற்சி பெற்றவர் பல தடவை குத்திய ஊசி. பிளாஸ்டிக் கிளிப்பிடம் அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்க முடியாது.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். "இரண்டு பனடோல் போட்டுச் சமாளிக்கிறேன்." வாரத்துக்கு நாலு நாள் என்றால் மாதத்துக்கு 16, 17 நாள். நீங்கள் கணக்கு ரீச்சர், நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு நாளுக்கு இரண்டு மாத்திரை என்பது பயப்பட வேண்டிய அளவு இல்லை. பிரச்சினை நாட்களில் இருக்கிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் போடுவது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அந்த மாத்திரையே தலையிடியைக் கொண்டுவரத் தொடங்கும். கோடீன் சேர்ந்த மாத்திரைகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட நோ மருந்துகள் கலந்த மாத்திரைகளுக்கும், ஒற்றைத் தலையிடிக்கென்று தரும் டிரிப்டான் வகைக்கும் எல்லை 10 நாள்தான். பனடோல் தானே, பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோமே என்று நம்மில் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. பாமசியில் கேட்டவுடன் கிடைக்கிறது, கைப்பையில் எப்போதும் ஒரு மட்டை கிடக்கிறது. நாலைந்து வருஷமாக உங்களுக்குத் தலையிடி விடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிளிப்புக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் இரண்டு விதத் தலையிடி தெரிகிறது. பிடரியில் தொடங்கி நெற்றியை இறுக்குவது தசை இறுக்கத்தால் வருவது. ஒரு பக்கம் விண்விண் என்று இடித்து, வெளிச்சம் பிடிக்காமல், வயிற்றைப் பிரட்டுவது ஒற்றைத் தலையிடி, அதாவது மைக்ரேன். மைக்ரேன் நாளில் கிளிப்பைப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அதற்கு மருந்தைத் தொடக்கத்திலேயே போட்டால்தான் கேட்கும், பிந்தினால் வயிறு மருந்தை ஏற்காது. மற்ற நாட்களில், பிடரி இறுகத் தொடங்கியதும் கை மாத்திரை மட்டைக்குப் போகும் முன் கிளிப்பைப் போடுங்கள். ஒரு கப் தண்ணீர் குடியுங்கள், லைட்டை அணைத்துவிட்டு இரு கைக்குமாக அரை மணித்தியாலம் கொடுங்கள். அந்த அரை மணித்தியாலத்தில் குறைந்தால் ஒரு பனடோல் நாள் மிச்சம். எந்த மாத்திரை என்றாலும் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் போகாமல் கொண்டுவருவதுதான் இலக்கு. குறைக்கத் தொடங்கிய முதல் ஒரு கிழமை, பத்து நாள் தலையிடி கூடும், அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். பாடசாலை விடுமுறையில் தொடங்கினால் தாங்குவது சுலபம்.

பிடரிக்கு வருகிறேன், என் கை தினமும் படும் இடம் அது. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்ச்சி தரும் நரம்பும் மூளைத்தண்டுக்கு அருகில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் கழுத்துத் தசை இறுகினால் மூளைக்கு அது நெற்றியில் நோவதாகத் தோன்றும். குனிந்து நாற்பது கொப்பி திருத்துகிறவருக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தடித்த புத்தகம் இரண்டை அடுக்கி, அதன் மேல் கொப்பியைச் சாய்த்து வைத்துத் திருத்துங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, தலையைக் குனியாமல் நாடியை நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணி விடுங்கள், பத்து முறை. இரவில், பெடியன்கள் கிரிக்கெட் அடிக்கும் டெனிஸ் பந்து இரண்டை ஒரு காலுறைக்குள் போட்டு முடிந்து, பாயில் மல்லாந்து படுத்து, மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் பள்ளத்தில் வையுங்கள். தலையின் பாரமே அழுத்தும், நீங்கள் அழுத்தத் தேவையில்லை. ஐந்து நிமிஷம் போதும். மூட்டுவாதம் உள்ளவர்களும் எலும்பு தேய்ந்த வயதானவர்களும் இதைச் செய்யக் கூடாது. நான் சொன்ன தையல்கார அம்மாவுக்கும் கிளிப்பை விட, மெசினுக்கு முன்னால் கதிரையை உயர்த்தியதில்தான் கூடுதலாகக் குறைந்தது. 42 வயது என்பதால் கண்ணையும் ஒருமுறை பரிசோதித்து விடுங்கள், வாசிப்புக் கண்ணாடி தேவைப்படும் காலம்.

குசினியில் கடைக்காரர் தந்த கலண்டர் தொங்கும்தானே. தலையிடி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு குறுக்குக் கோடு, மாதவிடாய் நாளுக்கு வேறு நிறத்தில் ஒன்று. வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி ஆறு நாள், நல்லூர்த் திருவிழா நாட்கள் கலண்டரிலேயே இருக்கும். காலைச் சாப்பாடும் வழமையான தேத்தண்ணியும் விட்ட நாட்களில் புள்ளி விழுகிறதா என்று பாருங்கள். விரதத்தை விடச் சொல்லவில்லை, பால், பழம், இளநீர் என்று வயிறு காயாமல் பிடிக்கலாம். புள்ளிகள் மாதத்துக்கு நாலைந்துக்கு மேல் நின்றால் அந்தக் கலண்டர் தாளோடு உங்கள் டொக்டரிடமோ யாழ் போதனா வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவுக்கோ போங்கள். புரோப்பிரனலோல், அமிட்ரிப்டிலின் போலத் தினமும் சிறிய அளவில் எடுத்துத் தலையிடியை வராமல் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. இழுப்பு, அதாவது ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரோப்பிரனலோல் கூடாது, அதை முதலிலேயே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கிளிப்பைத் தேடவே கூடாத தலையிடியும் உண்டு. இடி விழுந்ததுபோல் ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போவது, பேச்சுக் குளறுவது அல்லது ஒரு பக்கக் கை கால் வலு இழப்பது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, தலையில் அடிபட்ட பிறகு வருவது: இவற்றுக்கு 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். 50 வயதுக்குப் பிறகு முதல்முறையாக வரும் தலையிடியையும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். மாரி மழைக் காலத்தில் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் நோவும் சேர்ந்து வந்தால் டெங்கு என்று எண்ணி இரத்தம் சோதியுங்கள். அதுவரை பனடோல் மட்டும், அஸ்பிரினும் இபுபுரோஃபனும் வேண்டாம்.

தங்கைக்குக் கொடுக்காத அந்த இரண்டாவது கிளிப் உங்கள் பாடசாலைப் பையில் இருக்கட்டும். பனடோல் மட்டை இருந்த அதே பக்கத்தில்.