பைக்கு மட்டும் டிக்கெட்

கேள்வி: "திருமங்கலத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். மூன்று வருஷமாக ஹாக்கி ஆடுகிறேன், கோல்கீப்பர். வாரத்தில் ஐந்து நாள் பள்ளி விட்டதும் பஸ் ஏறி மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போய்ப் பயிற்சி முடித்து வீடு திரும்ப எட்டரை ஆகிவிடும். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது, என் கிட் பைக்கு மட்டும் லக்கேஜ் டிக்கெட் கேட்பார்கள். காலாண்டில் கணக்கில் 61. பப்ளிக் பரீட்சை முடியும்வரை மட்டையைத் தொடக் கூடாது என்கிறார் அப்பா. பதினொன்றாம் வகுப்புக்கு விளையாட்டு விடுதிக்கு முயற்சி செய் என்கிறார் கோச் சார். எனக்கு இந்தியாவுக்கு ஆட ஆசை, பிசியோதெரபிஸ்ட் ஆகவும் ஆசை. எதை விடுவது? இன்னொன்று, ஹெல்மெட் போட்டுப் போட்டு முடி கொட்டுகிறது, அதற்கும் சொல்லுங்கள்."
- பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்:

உன் கடிதம் நான்கு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். விட்டுப்போன பகுதியில்தான் விஷயமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தினமும் பஸ் ஸ்டாண்டில் அப்பா வண்டியோடு நிற்பார், பஸ் லேட்டானால் அன்றைக்கு யாரிடமும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம். கணக்கு மார்க்கைப் பற்றி அவர் ஒருமுறைதான் பேசியிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். பதினைந்து வயதுப் பெண் ஆளுயரப் பையோடு பெரியார் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தில் நிற்பதை நினைத்துக்கொண்டு அவர் அங்கே காத்திருக்கிறார். அதை வாய்விட்டுச் சொல்ல வராமல் "பரீட்சை" என்கிறார். அப்பாக்கள் பாதிப்பேர் இப்படித்தான்.

அதனால் நீ நூறு மார்க் வாங்கிக் காட்டினாலும் இந்தச் சண்டை தீராது, எட்டரை மணி ஏழு மணியானால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதலில் அந்தப் பை. காலில் கட்டுகிற பேட், ஷூவுக்கு மேல் மாட்டுகிற கிக்கர், செஸ்ட் கார்டு, ஹெல்மெட் எல்லாவற்றையும் தினமும் ஏன் வீட்டுக்குத் தூக்கி வருகிறாய்? மைதானத்தில் பூட்டி வைக்க ஓர் இடம் தரச் சொல்லி கோச்சிடம் கேள், அவர் மனசு வைத்தால் நடக்கிற காரியம்தான். அப்புறம், ஐந்து நாளும் மதுரைக்குப் போக வேண்டாம். சனி, ஞாயிறு காலையில் போ, வார நாளில் வேண்டுமானால் ஒரே ஒரு நாள், அதுவும் சீக்கிரம் கிளம்பிவிடுகிற மாதிரி. மற்ற நாளெல்லாம் உன் பள்ளி மைதானமும் ஒரு சுவரும் போதும். சுவரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நின்று, மட்டையை வலது கையில் பிடித்துக்கொண்டு, டென்னிஸ் பந்தை அடித்து, திரும்பி வருவதை இடது உள்ளங்கையால் தட்டு, அடுத்ததைப் பாதத்தின் உள்பக்கத்தால் வெளியே தள்ளு. கூடவே ஸ்கிப்பிங். அரை மணி நேரம் செய்தாலே வேர்த்துக் கொட்டும். நிஜப் பந்தை மட்டும் கிட் இல்லாமல் தொடாதே, 160 கிராம் கல் மாதிரி வந்து விழும்.

ஃபார்வர்டு ஆடுகிற பிள்ளை கேட்டிருந்தால் நான் இவ்வளவு நிதானமாகச் சொல்லியிருப்பேனா தெரியாது. நீ கோல்கீப்பர், உங்களுக்கு அவகாசம் அதிகம். இந்திய அணியின் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கி ஓய்வுபெற்றபோது அவருக்கு வயது 36. ஆட்டத்தைப் படிக்கிற கண் மெதுவாகத்தான் வரும், அது ஒரு வருஷம் பயிற்சி குறைந்தால் ஓடிப்போகாது. 2025 கடைசியில் சென்னையிலும் நம் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்ததே, காலிறுதியில் பெல்ஜியத்தோடு 2-2 என்று முடிந்து ஷூட்-அவுட் வந்தபோது நம் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் நின்ற விதத்தைப் பார்த்திருப்பாய். எதிராளி ஒருத்தர் தனியாகப் பந்தோடு வந்து கோல் போட எட்டு விநாடிதான். அவசரப்பட்டுப் படுத்துவிட்டால் முடிந்தது கதை. கடைசிவரை காலில் நின்று ஆளை வெளிப்பக்கம் தள்ள வேண்டும், அந்தப் பொறுமை வயசோடுதான் வரும்.

ஆனால் அப்பா சொல்கிற மாதிரி முழுசாக நிறுத்தவும் கூடாது. விடுதிக்கான தேர்வு வழக்கமாகப் பரீட்சை முடிந்து கோடையில்தான் வரும். ஐந்தாறு மாதம் சும்மா இருந்துவிட்டு மே மாத வெயிலில் போய் நின்றால் இடுப்பு வளையாது. அரையாண்டு வரை நான் சொன்ன மாதிரி, அதற்குப் பிறகு ஞாயிறு மட்டும், பரீட்சைக்கு முந்தின மாதம் சுவர் மட்டும். கணக்கில் 61 ஒன்றும் மோசமில்லை, பஸ்ஸில் போகிற நேரம் மிச்சமானாலே ஏறிவிடும்.

இனி அந்த இரண்டு ஆசை. ஓர் அணியில் ஃபார்வர்டுக்கும் நடுவில் ஆடுகிற ஹாஃபுக்கும் பல இடம் இருக்கும், கோல்கீப்பருக்கு ஒன்றோ இரண்டோதான். நாடு முழுவதும் இருந்து அந்த இடத்துக்குத்தான் எல்லாரும் நிற்பார்கள். ஆசைப்படாதே என்று சொல்லவில்லை, நன்றாக ஆசைப்படு, ஆனால் பிசியோதெரபியை அதற்காக விடாதே. பதினொன்றில் உயிரியல் எடுக்காமல் பிசியோதெரபி கிடையாது. விளையாடுகிற பிள்ளைகளுக்கு "ஈஸியான குரூப்" எடுத்துக் கொடுத்து அனுப்புகிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறது, எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். விடுதியில் சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் அரசே பார்த்துக்கொள்ளும், நல்ல வாய்ப்புதான். ஆனால் எந்த ஊர் விடுதி, பக்கத்தில் எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள், அங்கே உயிரியல் குரூப் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சான்றிதழையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். குறுவட்டம், மாவட்டம் ஜெயித்த சான்றிதழ்கள் சந்தோஷத்துக்கு. பின்னால் விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலை என்று போனால் கேட்பது வேறு. பள்ளிப் பிள்ளையாக மாநில அணியில் இடம்பிடித்துத் தேசியப் பள்ளிப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 4 என்கிற சான்றிதழ், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2. தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆகவே எல்லா டோர்னமென்டுக்கும் ஓடாதே, மாநில அணித் தேர்வு எப்போது என்று கோச்சிடம் கேட்டு அதற்கு மட்டும் போ.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது? கோச் சாரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாதே, அப்பாவுக்குத் தன்னை மடக்க வந்திருக்கிறார்கள் என்று தோன்றும். ஒரு சனிக்கிழமை காலை அவரை மைதானத்துக்குக் கூட்டிப் போ. மூன்று வருஷத்தில் நீ ஆடி அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று உன் கடிதத்திலேயே இருக்கிறது. போகும்போது, "இனிமேல் ஏழு மணிக்கு மேல் வெளியே இருக்க மாட்டேன்பா" என்று சொல்லிவிடு. மற்ற அட்டவணையெல்லாம் அப்புறம் காட்டிக்கொள்ளலாம்.

முடி விஷயம்: ஈரத் தலையோடு ஹெல்மெட் மாட்டாதே. இறுக்கிக் கொண்டை போடாமல் தளர்வாகப் பின்னி, மேலே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள், அதை அன்றன்றைக்குத் துவைத்துவிடு. ஹெல்மெட்டின் உள் பஞ்சை வாரம் ஒருமுறை கழுவி நன்றாகக் காயவை. இரண்டு மூன்று மாதத்தில் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போய் ரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்று பார்த்துவிடு, உன் வயதுப் பெண்களுக்கு அது குறைந்தாலும் முடி கொட்டும், மைதானத்தில் சீக்கிரம் மூச்சும் வாங்கும்.