பொருளின் விலையைத் தபால் செலவு மிஞ்சும்போது: அயல்நாட்டில் வாங்கும் சேகரிப்பாளருக்கு ஒரு விளக்கம்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன். பழைய ரூபாய் நோட்டுகளையும், மொரீஷியஸ் அஞ்சல்தலை ஒட்டிய பழைய உறைகளையும் சில ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். 1998-இல் வெளியாகித் திரும்பப் பெறப்பட்ட மொரீஷியஸ் நூறு ரூபாய் நோட்டு ஒன்று இங்கிலாந்தில் ஒருவரிடம் விற்பனைக்கு இருக்கிறது. விலை நம் பணத்தில் ஏறத்தாழ 800 ரூபாய். ஆனால் தபாலுக்கு 1,200 ரூபாய் கேட்கிறார். அவரிடமே நான் விரும்பும் உறைகள் சிலவும் உள்ளன. சென்னையிலிருந்து ஒருவர் சோழர் காலச் செப்புக் காசுகளை அனுப்புவதாகச் சொல்கிறார். அவர் கேட்கும் தபால் செலவு மிகக் குறைவு. ஒரு தாளை அனுப்ப இவ்வளவு செலவு ஆகுமா? குறைக்க வழி உண்டா?

பதில்: இங்கிலாந்து விற்பனையாளர் உங்களை ஏமாற்றவில்லை என்பதே என் கணிப்பு. அவர் கேட்கும் தொகையைக் குறைக்க முடியாது. ஆனால் அந்தத் தொகைக்குள் ஒரு பொருளுக்குப் பதிலாக நான்கைந்து பொருள்களை வரவழைக்க முடியும். சென்னையிலிருந்து வரும் அழைப்பு தபால் செலவு பற்றிய கேள்வியே அல்ல. அதைப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

நீங்கள் தேடும் நோட்டின் பெருமையை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த எழுத்து வரிசையில் தமிழ் பின்னுக்குத் தள்ளப்பட்டு 1998-இல் அந்த நோட்டுகள் வெளிவந்தன. தமிழ் மக்களின் எதிர்ப்பால் அவை திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் பழைய வரிசையுடன் புதியவை வந்தன. நூறு ரூபாய் நோட்டில் இருப்பது நம் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனின் உருவம் என்பதால், அந்தத் தொகுதியில் அதையே முதலில் தேடுபவர்கள் நம்மிடையே பலர். இங்கே திரும்பப் பெறப்பட்ட நோட்டுகளில் கணிசமானவை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் தங்கிவிட்டதால்தான், நம் வரலாற்றை நாமே தபால் செலவு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. 1847-இல் இந்தத் தீவில் வகைக்கு 500 என அச்சிடப்பட்ட ஒரு பென்னி, இரண்டு பென்னி அஞ்சல்தலைகளுக்கும் இதே கதைதான்: இன்று போர்ட் லூயிஸின் காதான் கரையில் உள்ள ப்ளூ பென்னி அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் இரண்டும், 1993-இல் இங்குள்ள நிறுவனங்கள் கூட்டாகப் பணம் திரட்டி வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவந்தவை.

இனிச் செலவுக்கு வருவோம். ஒரு நோட்டின் எடை ஒரு கிராம் அளவுதான். இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்து உறையிலிட்டாலும் 30 கிராமைத் தாண்டாது. ஆனால் அயல்நாட்டுத் தபாலில் எடையை விட முக்கியமானது உள்ளே இருப்பது என்ன என்பதுதான். உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளில் எழுத்தாவணம் ஒரு வகை, பொருள் வேறொரு வகை. அமெரிக்க அஞ்சல்துறை, எடுத்துக்காட்டாக, 2018 ஜனவரி முதல் விற்பனைப் பொருள் அடங்கிய உறையை அயல்நாட்டுச் சாதாரணக் கடிதமாக ஏற்பதில்லை. அஞ்சல்தலை ஒன்றே ஒன்று இருந்தாலும் அது பொருள்தான், பொதிக்கான கட்டணம்தான். பிரிட்டனில் அயல்நாட்டுச் சிறு பொதியின் முதல் எடைப் படி 100 கிராம் வரை செல்கிறது. ஆகவே உங்கள் 30 கிராம் உறைக்கும், நோட்டோடு நான்கு பழைய உறைகள் சேர்ந்த 90 கிராம் உறைக்கும் அங்கே ஒரே கட்டணம். செலவைக் குறைக்கும் வழி முழுவதும் இந்த ஒரு செய்தியில்தான் இருக்கிறது.

அதற்கு மேல் மூன்று சுமைகள் சேர்கின்றன. அனுப்பும் நாட்டின் அஞ்சல்துறை, பொதியை வீடு சேர்க்கும் நாட்டின் அஞ்சல்துறைக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1969-இல் டோக்கியோவில் நடந்த உலக அஞ்சல் ஒன்றிய மாநாட்டில் முடிவானது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய சிறப்பு மாநாட்டுக்குப் பிறகு, பொருள் அடங்கிய சிறு பொதிகளுக்கான அந்தத் தொகையைச் சில நாடுகள் தாமே நிர்ணயிக்க வழி பிறந்தது. இரண்டாவது, 2021 தொடக்கத்திலிருந்து, பொதியில் என்ன இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்ற விவரத்தை மின்வழியில் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பது உலக அளவில் விதியாகிவிட்டது. கையால் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிப் போட்டுவிடும் பழைய வழக்கம் பொருள்களுக்கு ஏறத்தாழ முடிந்துவிட்டது. மூன்றாவது, ஈபே போன்ற தளங்கள் பொருளின் விலை மீது மட்டுமல்லாமல் தபால் செலவும் சேர்ந்த மொத்தத் தொகை மீது பெரும்பாலும் விற்பனையாளரிடம் தரகுக் கழிவு எடுக்கின்றன. அவர் உண்மைத் தபால் செலவை மட்டும் கேட்டால் அவருக்கு நட்டம் என்பதால், கேட்கும் தொகை சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

நம் பக்கத்தில் பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. மொரீஷியஸ் சுங்கம் பொருளை மதிப்பிடும்போது பொருளின் விலை, காப்பீடு, கொண்டுவரும் கட்டணம் மூன்றையும் சேர்த்தே மதிப்பாகக் கொள்கிறது. எனவே 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்படும்போது, தபால் செலவுக்கும் வரி கட்டுகிறோம். 800 ரூபாய்ப் பொருளும் 1,200 ரூபாய்த் தபாலும் சேர்ந்து 2,000. அதற்கு வரி 300. ஆக ஒரு பொருளுக்கு 2,300 ரூபாய். அதே மதிப்புள்ள நான்கு பொருள்களை ஒரே பொதியில் வரவழைத்து, தபாலுக்கு 1,300 ஆனதாகக் கொண்டால், மொத்தம் 4,500; வரி 675; ஆக 5,175 ரூபாய். ஒரு பொருளுக்கு 1,294 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. சிறு மதிப்புப் பொதிகளுக்கான விலக்கு வரம்பு வரவுசெலவுத் திட்டத்தோடு மாறக்கூடியது என்பதால், வாங்கும் மாதத்தில் மொரீஷியஸ் வருவாய் ஆணையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆகையால் விற்பனையாளருக்கு எழுதும்போது தபால் செலவைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அவரிடம் நீங்கள் விரும்பும் உறைகளையும் நோட்டோடு சேர்த்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே பொதியில் அனுப்ப எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். இன்னும் சில வாரங்களில் வேறு சில பொருள்களையும் வாங்க எண்ணினால், முதலில் வாங்கியதைப் பத்திரமாக வைத்திருக்க இயலுமா என்றும் கேளுங்கள். நீண்ட காலம் இந்தத் துறையில் இருக்கும் வணிகர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஆனால் காத்திருப்புக்கு ஓர் எல்லை வேண்டும். பேபால் வழியாகப் பணம் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று முறையிடப் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள்கள்தான் உண்டு. ஐந்து மாதம் அவரிடமே வைத்திருந்து, ஆறாம் மாதம் பொதி தொலைந்தால் முறையிட இடம் இராது. மூன்று மாதத்துக்கு மேல் விடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஏலத்தில் வாங்குபவர்களுக்கும் இதே கணக்குதான், ஆனால் தலைகீழாகப் போட வேண்டும். இந்தப் பொருள் என் வீட்டு மேசைக்கு வந்து சேரும்போது எனக்கு எவ்வளவு பெறும் என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து வரி, தபால், வங்கி அட்டைக்காரர் பிடிக்கும் நாணய மாற்றுக் கழிவு ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவதே நீங்கள் கேட்கக்கூடிய உச்ச விலை. ஏலத்தின் கடைசி நிமிடத்தில் மனம் பதறும்போது இந்தக் கணக்கு கைகொடுக்காது. முன்னிரவே எழுதி வைத்துவிட வேண்டும்.

இங்கிலாந்திலோ பிரான்சிலோ உறவினர் இல்லாத குடும்பம் நம் தீவில் குறைவு. விற்பனையாளர் உள்நாட்டுத் தபாலில் உங்கள் அக்காள் வீட்டுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ அனுப்பிவிட்டால், காவடிக்கோ தீபாவளிக்கோ ஊருக்கு வருபவர் கையோடு கொண்டுவரலாம். நான் பெரிதும் நம்பும் வழி இது. மெல்லிய, மடங்கக்கூடாத காகிதப் பொருள்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான பயணம் இல்லை. கொண்டுவருபவரிடம் விலைச்சீட்டைக் கொடுத்தனுப்பி, விமான நிலையத்தில் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். உங்கள் பொழுதுபோக்குக்காக அவர் சங்கடப்பட நேரக் கூடாது.

கூரியரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். காகிதப் பொருளுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. கூரியர்கள் உண்மை எடை, இடம் பிடிக்கும் எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே பணம் வாங்குவார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான முறை. 30, 22, 4 சென்டிமீட்டர் அளவுள்ள ஓர் அட்டைப் பெட்டியில் 60 கிராம் காகிதம் இருந்தாலும், கணக்கில் அது அரைக் கிலோவுக்கு மேல் போய்விடும். தவிர, பல கூரியர் நிறுவனங்கள் பணத்தாளையும் நாணயத்தையும் ஏற்பதே இல்லை.

பணத்தாள் என்றதும் உங்கள் நோட்டுக்கே உரிய ஒரு விதியைச் சொல்ல வேண்டும். உலக அஞ்சல் ஒன்றிய உடன்படிக்கையின்படி நாணயம், பணத்தாள், பொன், நகை முதலியவற்றைக் காப்பீடு இல்லாத சாதாரணத் தபாலில் வைக்கக் கூடாது. அனுப்பும் நாடும் பெறும் நாடும் தம் சட்டத்தில் இடம் கொடுத்தால் ஒட்டி மூடிய உறையில் பதிவுத் தபாலாக அனுப்பலாம். உங்கள் நோட்டு திரும்பப் பெறப்பட்டது என்றாலும், உறையைத் திறந்து பார்க்கும் ஊழியரின் கண்ணுக்கு அது ரூபாய் நோட்டுதான். ஆகவே மலிவான, ட்ராக்கிங் எண் இல்லாத தபாலில் அதை அனுப்பச் சொல்வது சேமிப்பல்ல. ஒருமுறை நானே ஒரு விற்பனையாளரை வற்புறுத்தி, ஓர் அழகிய பழைய அஞ்சல் உறையை மிகக் குறைந்த கட்டணத்தில் அனுப்பச் செய்தேன். அட்டைத் தாங்கல் எடையைக் கூட்டும் என்று அதையும் வேண்டாம் என்றேன். முத்திரையின் மேலேயே மடிப்பு விழுந்து வந்து சேர்ந்தது. அந்த மடிப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. இரண்டு பக்கமும் தடித்த அட்டையும், பி.வி.சி. அல்லாத பாலியெஸ்டர் உறையும் வேண்டும் என்று நீங்களே எழுதிக் கேளுங்கள்.

சில விற்பனையாளர்கள் உதவுவதாக எண்ணி, சுங்கப் படிவத்தில் அன்பளிப்பு என்றோ, உண்மையை விடக் குறைந்த விலையோ எழுதித் தருவதாகச் சொல்வார்கள். 300 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) மதிப்பு வரை சி.என்.22 என்ற சிறு படிவம், அதற்கு மேல் சி.என்.23, இரண்டிலும் எழுதப்படுவது உறுதிமொழிக்குச் சமம். பொய் என்று தெரிந்தால் சுங்கம் பொருளைப் பறிமுதல் செய்யலாம். தொலைந்தால் இழப்பீடும் அந்தப் பொய் விலைக்கு மேல் கிடைக்காது. வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகப் பொருளின் பெயரைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சுங்க அட்டவணையில் அஞ்சல்தலைகளுக்கும் முத்திரையிட்ட பழைய உறைகளுக்கும் 9704 என்ற தலைப்பும், நாணயவியல் சேகரிப்புப் பொருளுக்கு 9705 என்ற தலைப்பும் உள்ளன. பழைய காகிதம் என்று பொதுவாக எழுதிய பொதிதான் அதிக நாள் காத்துக் கிடக்கும்.

இனிச் சென்னைக் காசுகள். அவற்றை வாங்க வேண்டாம். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள் ஆகும். கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டுகளே போதும். தொல்பொருளை இந்திய நடுவண் அரசோ, அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு எவரும் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ராஜராஜன் காலத்துச் செப்புக் காசை 200 ரூபாய்த் தபாலில் அனுப்புகிறேன் என்பவரிடம் இருப்பது ஒன்று போலிக் காசு, அல்லது சட்டத்துக்குப் புறம்பாக வெளியேறப் போகும் உண்மைக் காசு. இரண்டுமே உங்கள் சேகரிப்பில் இருக்கத் தகுந்தவை அல்ல. சோழர் காசு மீது உண்மையான ஆசை இருந்தால், அது இந்தியாவை விட்டு எப்போது, எப்படி வெளியேறியது என்பதற்கு ஆவணம் காட்டக்கூடிய ஐரோப்பிய நாணய ஏல நிறுவனங்களிடம் தேடுங்கள். தபால் செலவு கூடும். ஆனால் அந்த ஆவணம் காசோடு சேர்ந்து உங்கள் பிள்ளைகளுக்கும் போகும்.

கடைசியாக, பொதி வராமல் போனால் செய்ய வேண்டியது. ட்ராக்கிங் எண் எழுத்தும் இலக்கமுமாகப் பதின்மூன்று குறிகள் கொண்டது. கடைசி இரண்டு எழுத்துகள் அனுப்பிய நாட்டைக் குறிக்கும். விசாரணை கோர, அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் உண்டு. பெரும்பாலும் அதை அனுப்பியவர்தான் தம் நாட்டு அஞ்சலகத்தில் தொடங்க வேண்டும். நீங்கள் இங்கே அஞ்சலகத்தில் காத்து நிற்பதால் விசாரணை நகராது. ஆகவே பணம் கட்டும் முன்பே, பொதி தொலைந்தால் விசாரணை கோருவதற்கு அவர் ஒப்புக்கொண்டதை ஒரே வரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நூறு ரூபாய் நோட்டுக்கு, அவரிடம் உள்ள உறைகளையும் சேர்த்து, ட்ராக்கிங்கும் கையொப்பமும் காப்பீடும் உள்ள ஒரே பொதியாக 1,300 ரூபாய்க்குள் அவர் அனுப்ப ஒப்புக்கொண்டால், தயங்காமல் வாங்குங்கள்.