சாக்கடை நீரில் நோயைத் தேடுவோருக்கு: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் நீரைக் காலையில் ஒரு தடவை மொண்டு அனுப்புகிறோம். போதுமா?

பெரிய நகரம் என்றால், ஓட்டம் அதிகமுள்ள நேரத்தில் மொண்டது ஓரளவு தாங்கும். சில நூறு பேர் தங்கும் விடுதிக்கு அது குருட்டாம்போக்குதான். தானியங்கிக் கருவியை 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும்படி அமைத்து, 24 மணி நேர மாதிரியாகச் சேருங்கள். வழக்கமாகக் காலைவாருவது இரண்டு: உறிஞ்சுகுழாயின் முனையில் தலைமுடியும் ஈரத் துடைப்புத்தாளும் சுற்றிக்கொள்ளும், மாதிரியைக் குளிராக வைக்கும் ஐஸ் ராத்திரியில் கரைந்துவிடும். அதனால் பாட்டிலை எடுக்கும்போதே உள்ளிருக்கும் நீரின் அளவையும் வெப்பநிலையையும் குறித்துவிடுங்கள். 4 டிகிரியில் வைத்து ஒரு நாளுக்குள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் செறிவூட்டுவது, அதாவது வைரஸைச் சிறிதளவு நீரில் திரட்டுவது, நல்லது. உறையவைத்து உருக்கினால் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ குறையக்கூடும். மொண்ட மாதிரியில் கிடைத்த வைரஸ் அளவின் எண்ணையும் 24 மணி நேர மாதிரியின் எண்ணையும் ஒரே கோட்டில் இணைக்காதீர்கள்.

கேள்வி: மருத்துவமனையில் கொரோனா நோயாளிகள் இருக்கிறார்கள், ஆய்வகமோ ‘வைரஸ் இல்லை’ என்கிறது. எப்படி?

கழிவுநீரிலுள்ள ஹியூமிக் அமிலம் போன்றவை, மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையின் நொதியை முடக்கும். பிரித்தெடுத்த ஆர்என்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது வைரஸ் தென்பட்டால், முதலில் தடுத்தது அப்படிப்பட்ட ஏதோ ஒரு பொருள்தான். தடை இல்லாத மாதிரியில், பத்து மடங்கு நீர்த்தால் சிடி மதிப்பு (வைரஸ் தென்படும்வரை ஆன பெருக்கச் சுற்றுகளின் எண்ணிக்கை) சுமார் 3.3 ஏற வேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால் வண்டலைக் கேளுங்கள். கொரோனா போன்ற கொழுப்புறை உள்ள வைரஸ்கள் திடத்துகளில் ஒட்டிக்கொள்ளும். ‘தெளிவாக்குகிறோம்’ என்று சுழற்றி அடிவண்டலைக் கொட்டும் ஆய்வகம் தேடிய பொருளில் ஒரு பங்கையும் சேர்த்தே கொட்டுகிறது. தொடக்கத்திலேயே மாட்டுக் கொரோனா வைரஸை அளந்து கலந்து, கடைசியில் எவ்வளவு மீண்டது என்று பார்த்தால் வழியில் மொத்தம் எவ்வளவு இழந்தோம் என்பது பிடிபடும்.

கேள்வி: மழை பெய்தால் எண் சரிகிறதே?

நீர்த்துப்போகிறது, அவ்வளவுதான். மிளகாய்ப் பயிரைத் தாக்கும் பிஎம்எம்ஓவி வைரஸ், உணவு வழியாக மனித மலத்தில் ஏராளமாக இருக்கும். அதையும் அளந்து, அதற்கான விகிதமாக எண்ணைப் போடுங்கள்.

கேள்வி: எத்தனை பேருக்குத் தொற்று என்று கணக்கிடலாமா?

வேண்டாம். ஒருவர் மலத்தில் வெளியேற்றும் வைரஸின் அளவுக்கும் இன்னொருவருடையதற்கும் பல மடங்கு வித்தியாசம். போக்கை மட்டும் பாருங்கள், அதுவும் மடக்கை (லாக்) அளவுகோலில், அதாவது பத்து மடங்கு ஏறினால் ஒரு படி. ஒரு வாரம் இரட்டிப்பானது ஆய்வகத் தடுமாற்றமாகவும் இருக்கலாம். அடுத்தடுத்து மூன்று மாதிரிகள் ஏறினால் எழுந்து உட்காருங்கள்.

கேள்வி: போலியோவுக்கும் இதே கணக்கா?

இல்லை, அங்கே ஒரே ஒரு மாதிரிகூடச் செய்திதான். ஆனால் வாய்வழிச் சொட்டு மருந்து பெற்ற குழந்தையிடமிருந்தும் வைரஸ் வரும். வைரஸின் வெளியுறைப் புரதங்களில் ஒன்றான விபி1-இன் மரபணு வரிசையைப் படித்துத்தான் அது எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும். 2022-இல் லண்டன் பெக்டன் நிலையத்துக் கழிவுநீரில் சொட்டு மருந்து வழி வந்த இரண்டாம் வகைப் போலியோ வைரஸ் தொடர்ந்து தென்பட்டது. போலியோவால் கைகால் செயலிழந்தவர் ஒருவரும் இல்லாமலே, 1 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்குப் போலியோ தடுப்பூசியின் கூடுதல் தவணை அறிவித்தார்கள்.

கேள்வி: மாதிரி எடுப்பவருக்குக் கையுறை போதுமா?

முகக்கவசத் தகடும் வேண்டும்; தெறிக்கும் நீரில் ஹெபடைடிஸ் ஏ இருக்கலாம். ஆள்நுழைவுக்குழிக்குள் இறங்கவே கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றம்கூடத் தெரியாது. மேலிருந்தே கயிற்றில் பாட்டிலை இறக்குங்கள்.